கூர்ஜெட் படம் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்படி படம் போட்டு வருகிறோம். போட்டதிலேயே அதிகம் கேள்வி கிளப்பிய படம் ‘மா வீ த கூர்ஜெட்’. 2016-இல் வந்த ஸ்டாப் மோஷன் படம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்; முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போதும் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தாம், எல்லாமே நியாயமானவை. கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

“ஸ்டாப் மோஷன், ஸ்டாப் மோஷன்னு சொல்லுதியளே, அது கார்ட்டூன்தானே அண்ணாச்சி?”

கார்ட்டூன் வரைந்தது. இதில் திரையில் தெரிகிற பொம்மை நிஜமாகவே ஒரு மேசை மேல் நின்றது. அதன் சட்டை நிஜத் துணி. அதன் மேல் விழுகிற வெளிச்சம் நிஜ விளக்கு. பொம்மையின் கையை மயிரிழை அசைத்து ஒரு படம் எடுப்பார்கள். இன்னும் கொஞ்சம் அசைத்து அடுத்த படம். வரிசையாக ஓட்டினால் பொம்மை நடக்கும், திரும்பும், மூச்சுவிடும்.

சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே நிலையை இரண்டு படங்களுக்கு வைத்துக்கொண்டால்கூட வினாடிக்கு 12 தடவை பொம்மையைத் தொட வேண்டும். இந்தப் படம் ஏறத்தாழ 66 நிமிடம். அந்தக் கணக்கில் 47,000 தடவைக்கு மேல் வரும். ஒரு காட்சியில் ஏழு பிள்ளைகள் இருந்தால் ஏழு பொம்மைகளையும் தொட வேண்டும்.

ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டும் வேலை நம் நாட்டுக்குப் புதிதில்லை. ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்குப் பணம் திரட்ட அலைந்த காலத்தில், 1912-இல், தாதாசாகேப் பால்கே ஒரு பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படமெடுத்து ஓட்டிக் காட்டினார். அங்கே செடி தானாக வளர்ந்தது. இங்கே வளர்வதும் வாடுவதும் ஒருவருடைய விரலில் இருக்கிறது.

“இது எந்த ஊர்ப் படம்? பாஷை புரியாம எப்படி உக்காந்து பாக்கது?”

இயக்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிளாட் பராஸ். ஜில் பாரி எழுதி 2002-இல் வந்த பிரெஞ்சு நாவலைத் தழுவி, செலின் சியாமா திரைக்கதை எழுதினார். அனெசி அனிமேஷன் திருவிழாவில் 2016-இன் முதல் பரிசு இதற்குத்தான். மறு ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இருந்தது.

மொழி பிரெஞ்சு, ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதியும் உண்டு. நாங்கள் பிரெஞ்சுப் பிரதியைத்தான் போடுகிறோம். காரணம், பேசுகிறவர்கள் நிஜப் பிள்ளைகள். குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் பொம்மையை அசைத்திருக்கிறார்கள். பிள்ளை இழுத்துப் பேசுகிற இழுப்பும், பாதியில் விழுங்குகிற சொல்லும் பொம்மையின் உடம்பிலும் இருக்கும். முன்கூட்டியே கதையைத் தமிழில் சொல்லிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் ஒருவர் தணிந்த குரலில் வசனத்தைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு அதையும் வேண்டாம் என்கிறார்கள்.

“கதைய மொதல்ல சொல்லிருங்க. தெரியாம எம் புள்ளைய அனுப்ப மாட்டேன்.”

சரியான கேள்வி. இகார் என்ற ஒன்பது வயதுப் பையன். அப்பா விட்டுப் போய்விட்டார். அம்மா எந்நேரமும் பீர் குடிப்பாள். அவனைக் கூர்ஜெட் என்று கூப்பிடுவாள். அது சுரைக்காய் வகைக் காய் ஒன்றின் பெயர். மாடியறையில் காலி பீர் கேன்களை அடுக்கி விளையாடும்போது அவை சரிகின்றன. அம்மா கோபத்தோடு ஏணி ஏறி வருகிறாள். பயந்துபோன பையன் தரைக்கதவைச் சாத்துகிறான். அம்மா விழுந்து இறந்துபோகிறாள்.

ரேமோன் என்ற போலீஸ்காரர் அவனைக் குழந்தைகள் இல்லத்தில் கொண்டு சேர்க்கிறார். அங்கே சிமோன், அகமது, ஜூஜூப், அலீஸ், பெயாத்ரீஸ் என்று ஐந்து பிள்ளைகள். பிறகு கமீய் என்ற பெண் வருகிறாள். ஒவ்வொருவருக்கும் வீட்டில் நடந்தது ஒவ்வொன்று: போதைக்கு அடிமையான பெற்றோர், சிறையில் இருக்கும் அப்பா, நாடு கடத்தப்பட்ட அம்மா. மீதிப் படம் முழுக்க இந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எப்படி ஆகிறார்கள் என்பதுதான்.

“அப்ப எத்தன வயசுக்கு மேல காட்டலாம்?”

அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை என்ற வகையில் சான்று கொடுத்தார்கள். என் கருத்து: பத்து வயதுக்கு மேல், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ரத்தமோ கொடூரமான அடிதடியோ கண்ணில் காட்டப்படுவதில்லை. ஆனால் சாவு, குடி, பிள்ளைக்கு நடந்த பாலியல் கொடுமை எல்லாம் பேச்சில் வருகின்றன. ஆண்-பெண் உறவைப் பற்றிப் பிள்ளைகள் அரைகுறையாகப் பேசிக்கொள்ளும் இடமும் உண்டு. பொம்மைப் படம் என்று நினைத்துக் கைக்குழந்தைகளோடு வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறோம்.

“பொம்மைய வச்சு எதுக்கு இந்தப் பாடு? புள்ளையளையே நடிக்க வச்சிருக்கலாம்லா?”

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். யோசித்துப் பாருங்கள். தரைக்கதவைச் சாத்திவிட்டுக் கீழே சத்தம் கேட்டு நிற்கிற பையனாக ஒரு நிஜச் சிறுவன் நடித்தால், நம் மனசு இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி கதையில் இருக்கும். இன்னொரு பாதி, இந்தச் சின்னப்பிள்ளையை இதில் போய் நடிக்க வைத்துவிட்டார்களே என்று தவிக்கும். அல்லது, எவ்வளவு நன்றாக நடிக்கிறான் என்று மெச்சத் தொடங்கும். பொம்மை நின்றால் அந்தத் தவிப்புக்கும் மெச்சலுக்கும் வேலையில்லை. அந்தப் பையனுக்கு நடந்தது மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்தது முகம். பெரிய தலை, உருண்டைக் கண், குச்சிக் கை, நீலத் தலைமுடி. இந்தச் சாயலில் யாரும் கிடையாது. அதனாலேயே யாராகவும் இருக்கலாம். மரப்பாச்சிக்கு முகம் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் இடுப்பில் தூக்கி வைத்திருக்கும் பிள்ளைக்கு அது அழும், அடம்பிடிக்கும், காய்ச்சலில் படுக்கும். பார்க்கிற பிள்ளை தன் பங்கைக் கொண்டுவந்து வைக்க முகத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். இத்தனை ஆயிரம் தடவை தொட்டு எடுத்த படத்தில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஒரு பிள்ளை தலையைக் குனிவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும், குனிந்தபின் எங்கே பார்க்கும் என்று ஒருவர் நாள்கணக்கில் நினைத்திருக்கிறார். பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு நேரம் நினைத்தவருக்கு அவர்கள்மேல் வருவது இரக்கம் அல்ல, மரியாதை. ஐயோ பாவம் என்று படம் ஓர் இடத்திலும் உச்சுக்கொட்டுவதில்லை.

“அதெல்லாம் சரி, பொம்மைய பாதி நேரம் சும்மால்லா நிக்கு. எங்க பையன் நெளிய ஆரம்பிச்சிட்டான்.”

சும்மா நிற்பது போலத் தோன்றும். ஆனால் ஸ்டாப் மோஷனில் பொம்மையை அப்படியே விட்டுவிட்டால் சில வினாடிகளில் அது செத்துப்போய் வெறும் பொருளாகத் தெரியும். அதற்கு உயிர் கொடுக்க இமை ஒன்று போதும். அடுத்த தடவை பார்க்கும்போது கண் சிமிட்டலை மட்டும் கவனியுங்கள். பேச்சுக்கு முந்தி ஒரு சிமிட்டல். கேட்டது புரியாமல் ஒரு சிமிட்டல். அழக்கூடாது என்று இறுக்கிக்கொள்ளும்போது சிமிட்டாமலே இருக்கும் கண்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். இல்லத்துப் பிள்ளைகளைப் பனிமலைக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை அணைத்துத் தேற்றுகிறாள். நம் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்க்கிறார்கள். இசையை ஏற்றவில்லை, யார் முகத்தையும் நெருங்கிப் போகவில்லை, கண்ணீர் இல்லை. பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கல்லிடைக்குறிச்சியில் இந்த இடம் வந்தபோது, அதுவரை பின்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. நெளிகிற பையனை அதட்ட வேண்டாம். நெளிந்துகொண்டே பார்க்கட்டும்; கண் திரையில் இருந்தால் போதும்.

“எதை எதைக் கவனிச்சுப் பாக்கணும்னு சொன்னா வசதியா இருக்கும்.”

பொருள்களைக் கவனியுங்கள். வீட்டை விட்டுப் போகும்போது அந்தப் பையன் எடுத்துக்கொள்வது இரண்டே பொருள். ஒன்று அப்பாவைச் சாகசவீரனாக வரைந்த காற்றாடி. மற்றது அம்மா குடித்த பீர் கேன். ரேமோனின் காரில் போகும்போது அந்தக் காற்றாடி வெளியே பறந்துகொண்டே வரும். அது யார் கைக்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்.

இல்லத்துச் சுவரில் ஒரு பலகை இருக்கும். இன்றைக்கு யார் மனசு வெயில், யார் மனசு மழை என்று வானிலை அறிக்கை போலப் பிள்ளைகளின் அன்றாட நிலையைக் காட்டுவது. பெரியவர்கள் யாரும் அதைப் பற்றி நீட்டிப் பேசுவதில்லை. பிறகு, கூர்ஜெட் ரேமோனுக்கு எழுதும் கடிதங்களும் அதிலுள்ள படங்களும். பேச்சில் வராதது அங்கே வரும்.

“எங்க ஆச்சி கேக்காவ: அம்மா செத்ததுக்கு அந்தப் பயதான காரணம்? ஆனா அவன் ஒரு பொட்டு அழலியே?”

ஆச்சிமார் கேட்கிற கேள்விக்கு எப்போதும் கனம் அதிகம். சாத்தியது பயத்தில், அடிக்க வருகிறவரைப் பார்த்துக் கதவைச் சாத்துகிற ஒன்பது வயதுப் பிள்ளையைக் காரணம் என்று சொல்ல முடியாது. படத்தில் ரேமோனும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பையன் தனக்குள் என்ன நினைக்கிறான் என்பது வேறு. அதைக் கமீயிடம் எப்போது, எந்த இடத்தில் சொல்கிறான் என்று பாருங்கள்.

அழாததற்கு வருவோம். அம்மாவைப் பற்றிக் கேட்டால், நிறையக் குடிப்பாள், ஆனாலும் உருளைக்கிழங்கு மசியல் நன்றாகச் செய்வாள் என்ற மாதிரிச் சொல்வான். தன்னைக் கூர்ஜெட் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடிப்பதும் அது அம்மா வைத்த பெயர் என்பதால்தான். அந்தக் கேனும் அப்படித்தான். குடிக்கிற வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அந்தக் கேனைப் பற்றி அவர்கள் யாரும் என்னிடம் விளக்கம் கேட்டதில்லை.

“எங்க விடுதியில இருக்கதெல்லாம் தாய் தகப்பன் இல்லாத புள்ளைய. இதக் காட்டுனா மனசு ஒடிஞ்சிராதா?”

விடுதிக் காப்பாளர்கள் கேட்பது. பாளையங்கோட்டை போன்ற பள்ளிக்கூட ஊரில் இது அடிக்கடி வரும். காட்டலாம், ஆனால் கவனமாகக் காட்ட வேண்டும். முந்தின நாளே கதையைச் சொல்லிவிடுங்கள். எழுந்து போக நினைக்கிற பிள்ளை போகலாம், கூட ஒருவர் போவார் என்பதையும் சொல்லிவிடுங்கள். வெளியாட்களை அன்றைக்கு அழைக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். உன் கதையும் இப்படித்தானா என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள்.

நான் பார்த்தவரை, பனிமலை வீட்டில் எல்லாரும் ஆடுகிற காட்சிக்கு அதிகம் சிரித்துக் கைதட்டுகிறவர்கள் விடுதிப் பிள்ளைகள்தாம். தங்களைப் போன்றவர்கள் படத்தில் வந்தால் அழுது வடிவார்கள், கடைசியில் ஒரு பணக்காரர் வந்து காப்பாற்றுவார் என்றே பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இங்கே சண்டை போடுகிறார்கள், திருடுகிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர் திட்டம் போடுகிறார்கள்.

“படம் முடிஞ்சதும் நீதி என்னன்னு ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம்லா சார்?”

வேண்டாம், டீச்சர். எழுதச் சொன்னால் நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, மேலே சொன்ன வானிலைப் பலகையை ஓர் அட்டையில் செய்து வகுப்பில் மாட்டுங்கள். காரணம் கேட்காமல் ஒரு வாரம் விடுங்கள்.

“அலீஸ்னு ஒரு பொண்ணு முடியால மூஞ்சிய மூடிட்டே இருக்காளே, அவளுக்கு என்ன ஆச்சு? புள்ளைய கேட்டா என்ன சொல்ல?”

அப்பாவிடம் அவள் பட்ட பாலியல் கொடுமை அது. சிமோன் ஒரு வாக்கில் சொல்லிவிட்டுப் போகிறான்; படம் அதைக் காட்டுவதில்லை. பிள்ளை கேட்டால் மழுப்பாமல், அவள் உடம்பைத் தொடக்கூடாத விதத்தில் பெரியவர் ஒருவர் தொட்டிருக்கிறார், தப்பு முழுக்க அந்த ஆளுடையது என்று சொல்லுங்கள். அந்த அளவு போதும்.

படம் பார்த்தபின் ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கலாம். அப்போது குறுக்கே பேசாதீர்கள், நிஜமா என்று சோதிக்காதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, நடந்தது யாருக்குத் தெரிந்தாலும் அவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம் என்று மறைப்பது குற்றம். திரையிடுமுன் இந்த எண்ணைப் பலகையில் எழுதிவிடுகிறோம்.

“கடைசியில அந்தப் போலீஸ்காரர் ரெண்டு புள்ளையளையும் கூட்டிட்டுப் போயிருதாரே. நம்ம ஊர்ல அப்படி நடக்குமா?”

(படம் பார்க்காதவர்கள் இதையும் அடுத்ததையும் தாண்டிவிடுங்கள்.) நம் சட்டத்தில் நேரே கூட்டிப்போக முடியாது. குழந்தைகள் நலக் குழு, மத்திய தத்தெடுப்பு ஆணையம், மாவட்ட ஆட்சியரின் உத்தரவு எல்லாம் உண்டு. தனியாக வாழும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க நம் விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே ரேமோனுக்குக் கமீய் கிடைத்திருக்க மாட்டாள். படத்திலும் அது ஒரே நாளில் நடப்பதில்லை. பிள்ளைகளைப் பார்க்க அவர் எத்தனை தடவை, எந்தத் தயக்கத்தோடு வருகிறார் என்று பாருங்கள்.

“இது சந்தோஷ முடிவா, சோக முடிவா? சிமோன நெனச்சா தூக்கம் வரல.”

கமீய்க்கு வழி பிறந்ததே சிமோனின் யோசனையால்தான். அவளைக் கொடுமைப்படுத்தும் அத்தையின் பேச்சைப் பதிவு செய்யக் கருவியைத் தந்தவன் அவன். முதலில் எல்லாரையும் மிரட்டினவனும் அவன்தான். கூர்ஜெட்டும் கமீயும் போகப் போகிறார்கள் என்றதும் அவனுக்குக் கோபம் வருகிறது. பிறகு, போகத் தயங்குகிறவனைப் போ என்று சொல்வதும் அவனே. இந்த வயதுப் பிள்ளைகளை யாரும் கூட்டிப்போவதில்லை, கிடைத்ததை விடாதே என்பதுதான் அவன் கணக்கு.

ஆகவே இரண்டு பேருக்குச் சந்தோஷம், சிமோன் அங்கேயே இருக்கிறான். அவனுக்கும் ஒரு வீடு கிடைத்ததாகக் காட்டியிருந்தால் நமக்கு நிம்மதியாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். அவனை நினைத்துத் தூக்கம் வராதவர்களை நான் நல்ல பார்வையாளர்கள் என்றுதான் சொல்வேன்.

“மாமா, நாங்களும் செல்போன்ல இதுமாதிரி எடுக்கலாமா?”

தாராளமாக. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலி ஒன்று போதும். வினாடிக்கு 12 என்று வைத்தால் பத்து வினாடிப் படத்துக்கு 120 படங்கள். முதல் தடவையே ஆளை நடக்கவிடாதீர்கள். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் வீட்டில் இருக்கும். சொப்புப் பானையின் மூடி தானாகத் திறந்து, உள்ளே இருந்து ஒரு புளியங்கொட்டை எட்டிப் பார்க்கட்டும். அதுவே ஒரு முழுப் படம்.

ஆள் செய்ய வேண்டுமென்றால் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்கி எலும்பு செய்து மேலே துணி சுற்றுங்கள். கட்டுக்கம்பி வளைத்து வளைத்துச் சீக்கிரம் ஒடிந்துவிடும். காருகுறிச்சிக் களிமண் பானைக்கு அருமையானது, ஆனால் விளக்குச் சூட்டில் காய்ந்து வெடிக்கும். கடையில் விற்கும் எண்ணெய்க் களி காயாது, திரும்பத் திரும்ப உருட்டலாம். பாதத்துக்குள் ஒரு நட்டு வைத்து, கீழே மெல்லிய அட்டையும் அதற்கடியில் காந்தமும் வைத்தால் ஒற்றைக்காலிலும் நிற்கும். ஒரு தடவைக்கு எவ்வளவு அசைப்பது என்று எல்லாரும் கேட்பார்கள். மெதுவான அசைவுக்குக் கொஞ்சம், வேகத்துக்கு நிறைய. தொடங்கும்போதும் நிற்கும்போதும் மிகக் கொஞ்சம்.

“எல்லாம் நீங்க சொன்னபடிதான் செஞ்சோம். ஆனா ஓட்டிப் பாத்தா படம் மினுக்கு மினுக்குன்னு மினுக்குது. என்ன தப்பு?”

பெரும்பாலும் வெளிச்சம். ஜன்னலை மூடுங்கள், மேகம் ஒன்று கடந்தால்கூட அடுத்தடுத்த இரண்டு படங்களின் ஒளி மாறிவிடும். ஒரே ஒரு விளக்கு, ஒரே இடம். போனில் வெளிச்ச அளவும் ஃபோகஸும் தானாக மாறாதபடி பூட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

அதற்குப் பிறகும் மினுக்கினால் உங்கள் சட்டையைப் பாருங்கள். வெள்ளைப் பள்ளிச் சட்டையோடு கிட்டே குனிந்து எடுத்தால், குனிந்த அளவுக்கு வெளிச்சம் பொம்மைமேல் பட்டு மாறும். கறுப்போ கருநீலமோ போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குப் பின்வாங்கி நின்று எடுங்கள். போனைத் தொட்டு அமுக்கினால் படம் குலுங்கும். கம்பியுள்ள இயர்போனின் ஒலிப் பொத்தானை அமுக்கினாலும் பல போன்களில் படம் விழும்.